அதற்கு முன்னே நீ சொன்னது

என் ஞாயிற்றுக்கிழமைகளின் தோழன் டானிக்கு,

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். கடிதம் உனக்குத்தான், ஆனால் எங்கள் ஆட்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசிக்கட்டும் என்று பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். எதையும் ஒழுங்கில் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். அதை வைத்து நீ என்னை எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறாய்.

உன்னை அறியாதவர்களுக்காக இரண்டு வரி, பொறுத்துக்கொள். நீ எட்ஜ்வெயரில் பிறந்து வளர்ந்த யூதப் பிள்ளை. வானொலியில் விளையாட்டு வர்ணனையாளன். இந்த ஆவணியில், முப்பது வயதுகூட ஆகாமல், மூளையில் வந்த கட்டியால் இறந்துபோனாய். இந்த நாட்டில் கனபேருக்கு உன் குரல் தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம். அதுதான் உன் கடைசி வசனம் என்று நின்றுவிடக் கூடாது என்பதே படுக்கையில் உனக்கு இருந்த கவலை. இப்போது அது எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் வெம்பிளியில் கோடை முழுக்க கிரிக்கெட் ஆடுவார்கள். நான் அங்கே ஸ்கோர் எழுதுகிறவன். ஊரில் கணிதம் படிப்பித்து, இங்கே ஒரு கந்தோரில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆட்களோடு கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் ஸ்கோர் எழுதுவதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ தலையில் சின்னத் தொப்பியோடு வந்து, ஒலிபெருக்கிக்கு யார் பொறுப்பு என்று என்னிடம் கேட்டாய். வர்ணனை பழக உனக்கு ஆட்டம் வேண்டும். இந்த நாட்டில் ஆட்டமெல்லாம் சனிக்கிழமை. சனிக்கிழமை உங்களுக்கு ஓய்வு நாள். வெள்ளி பொழுதுபட்டால் சனி இருட்டும்வரை நீ மைக்கை மட்டுமல்ல, லைற் சுவிட்சைக்கூடத் தொடமாட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவர்களைத் தேடித் தேடி, கடைசியில் எங்களிடம் வந்திருந்தாய்.

எங்கள் செயலாளர் கந்தண்ணைக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. “வெள்ளைக்காரப் பெடியன்ரை வாயிலை எங்கடை பேர் வந்தால் நான் மீசையை எடுக்கிறன்,” என்றார். நீ மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க என் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒவ்வொரு பேரையும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டாய். பிற்பகல், பாலசுப்பிரமணியம் ஞானச்சந்திரனுக்குப் பந்து போடுகிறார் என்று ஒலிபெருக்கியில் நீ சொன்னபோது மைதானம் முழுக்க விசிலடித்தது. கந்தண்ணை மீசையை எடுக்கவில்லை. “அவன் வெள்ளைக்காரன் இல்லை, யூதன். அது கணக்கிலை வராது,” என்று சொல்லித் தப்பிவிட்டார்.

பெண்கள் கொடுத்த ரோல்ஸை நீ தொடவில்லை. வடையையும் தொடவில்லை. இவனுக்குப் பெரிய எடுப்பு என்று கதை வந்தது. இது அவர்களுடைய ஆசாரம், வேறு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடமாட்டார்கள் என்று நான் தயங்கித் தயங்கி விளக்கினேன். “உதை முதலே சொல்லியிருக்கலாமே, எங்கடை பெரியய்யா மாதிரி,” என்றார் கந்தண்ணையின் மனைவி. அன்றிலிருந்து உனக்கென்று வெட்டாத மாம்பழம் ஒன்று வரும். நீ வீட்டிலிருந்து கத்தி கொண்டுவருவாய்.

உன் வேலையை நான் கிட்ட இருந்து பார்த்தவன். எனக்கு அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதி உண்டோ தெரியாது. பந்தைப் பார்க்க எல்லோரும் இருக்கிறார்கள் மாஸ்டர், அடுத்து யாருக்கு வேலை வரப்போகிறது என்று நான் பார்க்கிறேன் என்பாய். யாரும் கவனிக்காத ஒருவனைப் பிடித்துக்கொண்டு அவனைப் பற்றியே சொல்லிக்கொண்டிருப்பாய். பந்து கடைசியில் அவனிடம்தான் போகும். விக்கெட் விழுந்தால் வாயை மூடிக்கொள்வாய். சனம் கத்துவதைச் சனமே கேட்கட்டும் என்பாய்.

பிறகு ஒரு சின்ன வானொலி, அதற்குப் பிறகு ஒரு பெரிய வானொலி. அங்கே உனக்கு நடந்ததை நீ சிரித்துக்கொண்டே சொல்வாய். மாரியில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே பொழுதுபட்டுவிடும். நீ கோட்டை மாட்டும்போது, டானியை மேலிடம் கூப்பிடுகிறது என்று மேசைக்கு மேசை சொல்வார்களாம். சனிக்கிழமை வேலை செய்யாதவனுக்கு என்று வீதி நெரிசலையும் யாரும் கேட்காத இரண்டாம் அணி ஆட்டங்களையும் தந்தார்கள். உன் மனேஜர் நத்தார் விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாராம், உன் கடவுள் ஏழாம் நாள் ஓய்வெடுத்தது ஒலிபரப்பு உரிமையை விற்கத் தெரியாததால்தான் என்று. நல்ல பகிடி இல்லையா மாஸ்டர் என்று என்னைக் கேட்டாய். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டுமோ?

வீட்டிலும் உனக்கு இரக்கம் கிடைக்கவில்லை. உன் தந்தையார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கண் பரிசோதிக்கும் படிப்பை நீ பாதியில் விட்டதை அவர் மன்னிக்கவில்லை. பந்துக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்குப் பின்னால் ஓடுகிறவன் என்று உன்னைச் சொல்வாராம். உன் குரலை அவர் ஒருநாளும் வானொலியில் கேட்டதில்லை.

ஆனாலும் இந்த வருடத் தொடக்கத்தில் உனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பெரிய உதைபந்தாட்டம் ஒன்று கிடைத்தது. காலையிலேயே எனக்குத் தொலைபேசி எடுத்தாய். நான் குசினி மேசையில் வானொலியை வைத்து, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. நீ அன்று பேசியதுபோல அதற்கு முன் பேசி நான் கேட்டதில்லை. பிற்பாதியில் ஒரு கோல். சனம் கத்துகிறது. நீ பேசவில்லை. உன் வழக்கம் என்று நினைத்தேன். கத்தல் அடங்கியது. அப்போதும் நீ பேசவில்லை. பிறகு நீ சொன்னாய், அது அதற்குள்ளே போய்விட்டது என்று. திரும்பவும் சொன்னாய். அது, அதற்குள்ளே. பந்து, வலை என்ற இரண்டு சொற்களும் உனக்கு வரவில்லை.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டார்கள். நாடே சிரித்தது. மனேஜர் உன்னைக் கூப்பிட்டு, கிட்ட வந்து, உன் வாயை மணந்து பார்த்தார் என்று சொன்னாய். நீ குடிக்காதவன் என்பதை அவர் நம்பவில்லை. உன்னை ஒலிபரப்பிலிருந்து எடுத்துவிட்டு, உன் வசனத்தைக் காலை நிகழ்ச்சியில் மணி அடிப்பதுபோல அடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் பெடியன்களும் குறைவில்லை. சுதன் அதைத் தன் போனில் ரிங்டோனாகப் போட்டான். யாராவது தேத்தண்ணீருக்குள் பிஸ்கற்றைப் போட்டாலும், “அது அதுக்குள்ளை போட்டுது,” என்பார்கள்.

சில கிழமைகளில் ஸ்கான் எடுத்தார்கள். கட்டி, பேச்சுக்குரிய இடத்தில். வெட்டி எடுக்க ஏலாத இடம். வானொலிக்காரர் அட்டை அனுப்பினார்கள், காலை நிகழ்ச்சியில் அந்த வசனத்தை நிறுத்தினார்கள். வார இறுதி நிகழ்ச்சி செய்பவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரி வார்டில் உன் பக்கத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்த வானொலியில் அது திரும்பப் போனது. அடுத்த கட்டிலில் கிடந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்து, உன்னையும் சிரிக்கச் சொல்லிக் கண் காட்டினார். அவருக்கு நீ யாரென்று தெரியாது. நீ அவருக்காகக் கொஞ்சம் சிரித்தாய்.

அந்த வசந்தத்தில் எங்கள் ஆட்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்தப் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தொலைபேசி அடித்தால் பயம். நீ வைகாசியில் எனக்கு எடுத்தாய். கரண்டி, கதவு, மருந்து எல்லாம் உன் வாயிலிருந்து போய்விட்டிருந்தன. ஆனால் பெயர்கள் போகவில்லை. ஞானச்சந்திரன்? பாலசுப்பிரமணியம்? சுதன்? என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். அவர்களுடைய ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கிறாய் என விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஞானச்சந்திரனின் அக்கா குடும்பம் இல்லை என்றேன். நீ விக்கெட் விழுந்தால் இருப்பதுபோல இருந்தாய்.

அதற்குப் பிறகுதான் உன் விருப்பத்தைச் சொன்னாய். ஒரு இன்னிங்ஸ். எங்கள் மைதானத்தில், மைக்கில், பிழையில்லாமல். பெயர்களை மட்டும் சொன்னால்கூடப் போதும். உன் அக்கா ரூத் அதைப் பதிவு செய்வாள். இணையத்தில் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் இதையும் போடுவாள்.

நான் கூட்டத்தில் எழும்பிக் கதைத்தேன். கந்தண்ணை முழுக்கக் கேட்டார். “மாஸ்டர், இந்த வருசம் ஊர்ச் சனத்துக்குக் காசு சேர்க்கிறதுக்காக மட்டும்தான் விளையாடுறம். செத்தவீட்டிலை ஆரும் ஸ்பீக்கர் கட்டுவினமோ? அடுத்த வருசம் அந்தப் பெடியனுக்கு முழுநாளும் மைக்கைக் குடுப்பம்,” என்றார். அவர் சொன்னது சரி. ஞானச்சந்திரன் அங்கேயே தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். உனக்கு அடுத்த வருடம் இல்லை என்பதைச் சொல்லாமலே நான் இருந்துவிட்டேன். அடுத்த வருடம் என்று உனக்கு நான் சொன்னபோது, நீ மெல்லமாக, சரி மாஸ்டர் என்றாய். அந்த இரண்டு சொல்லும் உனக்கு நன்றாகவே வந்தன.

ஆவணியில் ரூத்திடமிருந்து செய்தி வந்தது, இன்று காலை டானி போய்விட்டான் என்று. இங்கேதான் நான் எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழையை விட்டேன். எங்கள் ஆட்கள் லண்டனில் செத்தால் கனடாவிலிருந்து சகோதரம் வரவேண்டும், மண்டபம் கிடைக்க வேண்டும், எந்த நாள் பார்வைக்கு வைக்கிறார்கள் என்று தமிழ் வானொலியில் சொல்ல வேண்டும். கிழமைக்கணக்கு எடுக்கும். நான் கறுப்புக் கோட்டைக் கழுவக் கொடுத்தேன். அறிவித்தலுக்குக் காத்திருந்தேன். அழுகிற வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பேசாமல் இருந்தேன். பூக்கடையில் மைக் வடிவத்தில் ஒரு மலர்வளையம் செய்யச் சொன்னேன். கடைசியில் பொறுக்காமல் ரூத்துக்கு எடுத்தபோது அவள், எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம், அடுத்த நாளே அடக்கம் செய்துவிட்டோம் என்றாள். வீட்டில் ஏழு நாள் துக்கம் இருக்கிறோம், நாளையோடு முடிகிறது, வாருங்கள் என்றாள்.

மலர்வளையத்தோடு பஸ்ஸில் எட்ஜ்வெயர் வந்தேன். எதிரில் இருந்த பெண், ஐஸ்கிரீம் கடை திறக்கிறீர்களா என்று அன்பாகக் கேட்டாள். பார்த்தேன். அது ஐஸ்கிரீம் கோன் போலத்தான் இருந்தது.

உங்கள் ஆட்கள் துக்க வீட்டுக்குப் பூ கொண்டுபோவதில்லை. அதுவும் எனக்குத் தெரியாது. ரூத் வாசலில் அதை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, பின்வளவில் குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். உள்ளே, உங்கள் துக்க வழக்கப்படி, முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். உன் தந்தையார் கிழித்த சட்டையோடு, உயரம் குறைந்த பதிவான கதிரையில் இருந்தார். அவர் பேசாமல் யாரும் பேசக்கூடாதாம். எனக்கு அது வசதியாக இருந்தது.

கனநேரத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தார். “நீங்கள்தான் கணக்கு மாஸ்டரா?” என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன்.

அந்த ஆட்டத்தை நான் கேட்டேனா என்றார். கேட்டேன் என்றேன். அவர் பிறகுதான் அந்தத் துண்டைப் பார்த்தாராம், கடைக்கு வந்த ஒருவன் போனில் காட்டினானாம், இது உங்கள் பையன்தானே என்று. மகனின் வேலையில் அவர் கேட்டது அவ்வளவுதான். முழு ஆட்டத்தின் பதிவைத் தரச்சொல்லி வானொலிக்காரரிடம் ரூத் கேட்டிருக்கிறாள். அழித்துவிட்டார்களாம், அந்தத் துண்டு மட்டும்தான் இருக்கிறதாம். எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அதற்கு முன்னே என்ன சொன்னான்?” என்றார்.

அறை முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் வெளியே வந்தது இதுதான்: இடது பக்க ஆட்டக்காரர் முதலில் நின்றார். பிறகு ஓடினார். பந்து அவரிடம் வந்தது. அவர் அடித்தார்.

“என் மகன் இப்படியா சொன்னான்? நீங்கள் வரி அதிகாரிபோலச் சொல்கிறீர்கள்,” என்றார்.

யாரோ ஒரு கிழவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ரூத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இல்லை, அவன் நன்றாகச் சொன்னான் என்றேன். எப்படி என்று அவர் கேட்டார். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வருடம் முடிய முன்னம் அவன் கல்லறையில் கல் நாட்டுவோம், அதற்கு வாருங்கள், அப்போது நன்றாகச் சொல்லுங்கள் என்றார். கோபமாகச் சொன்னாரா, கெஞ்சிச் சொன்னாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

கடைசி ஆட்டம் புரட்டாதியில் நடந்தது. ஞானச்சந்திரன் அடித்த பந்து நிலத்தில் குத்தி எல்லையைத் தாண்டி யாரோ திறந்து வைத்திருந்த பைக்குள் விழுந்தது. சுதன் எல்லைக்கோட்டில் நின்றபடி, “அது அதுக்குள்ளை போட்டுது,” என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நடுவர் நாலு ஓட்டம் என்று எனக்குக் கை காட்டினார். ஸ்கோரர் கண்டுகொண்டேன் என்று பதிலுக்குக் கை உயர்த்தும்வரை அடுத்த பந்து போட ஏலாது. விளையாட்டின் விதி அது. நான் கை உயர்த்தவில்லை.

நடுவர் திரும்பக் காட்டினார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பந்து வீச்சாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “மாஸ்டர் என்ன, நித்திரையோ?” என்று சுதன் கேட்டான். கந்தண்ணை ஓடிவந்தார்.

“சுதன் சொன்னதைத் திருப்பி எடுத்தால்தான் கை தூக்குவன்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொல்லவேண்டி வந்தது.

சுதன் கிட்ட வந்தான். “பகிடிக்குத்தானே மாஸ்டர். அவருக்கும் தெரியும்தானே. அடுத்த வருசம் வந்து மைக்கிலை எங்களுக்கு நல்லாத் திருப்பித் தருவார்.”

“அவன் செத்து ஒரு மாதம்.”

அவனுக்குத் தெரியாது. ஒருவருக்குமே தெரியாது. தமிழ் வானொலியில் உன்னை யார் அறிவிப்பார்கள்? நானும் வாய் திறந்து சொல்லியிருக்கவில்லை. கந்தண்ணை தொப்பியைக் கழற்றினார். சுதன் போனை எடுத்து, “இப்பவே அழிக்கிறன் மாஸ்டர்,” என்று அங்கே இங்கே அமத்தினான். அவசரத்தில் எதையோ அமத்திவிட்டான். உன் குரல் மைதானத்தில் கேட்டது. அந்த வசனம்தான், முழுக்க. அவனால் அதை நிறுத்த முடியவில்லை. ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. ஞானச்சந்திரன் துடுப்பைப் போட்டுவிட்டு ஒரு பக்கமாகப் போய் இருந்தான். பிறகு சுதன், “சொரி மாஸ்டர்,” என்றான். நான் கை உயர்த்தினேன். ஆட்டம் தொடர்ந்தது, வேறு என்ன செய்வது?

அதனால்தான் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன், டானி. இது உன் மரண அறிவித்தல். இதைப் படித்த பிறகும் அந்த வசனத்தைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள், தெரிந்தே சிரிக்கட்டும்.

தினமும் பின்னேரம் குசினியில் எழும்பி நின்று சொல்லிப் பழகுகிறேன். ஒழுங்காகத்தான் நினைவிருக்கிறதா என்று சந்தேகம் வரும். திரும்ப முதலிலிருந்து சொல்வேன். நீ சொன்னது இது:

“மழை மைதானத்தின் இந்தப் பக்கத்தில் மட்டும் பெய்கிறது. எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். இடது பக்க ஆட்டக்காரனைப் பாருங்கள். பஸ்ஸுக்கு நிற்பவன்போலக் கோட்டின் மேலே நிற்கிறான். அவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள், அவனுடைய பயிற்சியாளரும்கூட. அவனுக்குக் குளிர்கிறது. கையை ஊதிக்கொள்கிறான். இப்போது தலையை நிமிர்த்துகிறான். ஏன்? அவனுக்கு மட்டும் ஏதோ தெரிந்திருக்கிறது. ஓடுகிறான். இன்னும் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.”

கல் நாட்டும் நாளில் பூ கொண்டுவரமாட்டேன். உன் தந்தையாருக்கு முன்னால் நின்று, சப்பாத்தைப் பார்க்காமல், இதை முழுக்கச் சொல்வேன். கடைசிச் சொல்லோடு நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு வருவது அவருக்குத் தெரியும்.

உன் பக்கத்துக் கதிரைக்காரன்,
சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இப்போதுதான் துணிந்த,
நடராசா மாஸ்டர்
வெம்பிளி